இரண்டு வாளி ஏரித் தண்ணீர்

மீன் பண்ணையில் அவருக்கு வைத்த பெயர் ஐயோபாவம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கையெழுத்துப் போடும்போதுதான் அது அவருக்கே ஞாபகம் வரும். கம்பிவலையில் சிக்கிய காக்கைக்கும் ஐயோ பாவம், மழையில் நனைந்துகொண்டு வந்த தபால்காரருக்கும் ஐயோ பாவம். தன்னைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டுப் போன மேலதிகாரிக்குக்கூட, "ஐயோ பாவம், அவருக்கு வீட்டுல என்ன பிரச்சினையோ" என்பார். இப்படிப்பட்ட மனிதரை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? இளவட்டங்கள் மரியாதைக்கு ஓர் அண்ணனை ஒட்டிப் பாவண்ணே என்றார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்த்தார்.

வீட்டிலும் அதே கதைதான். ஒற்றைக்கண் பூனை ஒன்று, பின்னங்கால் இழுத்து நடக்கும் நாய் ஒன்று, இறக்கை ஒடிந்த புறா ஒன்று. அவர் மனைவி துணிக்கடை ஒன்றின் பின்னறையில் அமர்ந்து, வாங்கிய உடுப்பைப் பிடித்தும் விட்டும் தைத்துக் கொடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் இடுப்பளவோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்பினால் நாற்காலியில் நாய் படுத்திருக்கும். "இது வீடா ஆஸ்பத்திரியா? நோயாளிங்க மட்டும்தான் இருக்காங்க, டாக்டரக் காணோம்" என்பாள். ஆனால் நாய்க்குப் போர்த்தியிருந்த கம்பளிக்கு ஓரம் அடித்துக் கொடுத்தவள் அவள்தான். அதை யாரும் சொல்லிக் காட்டக் கூடாது, அவ்வளவுதான்.

இளவயதில் அவர் மீன் சந்தையில் கூடை தூக்கினார். உயிரோடு வரும் மீன்களைப் பலகையில் பரப்பி வைப்பார்கள். அவை வாயைத் திறந்து திறந்து மூடும். இவரோ முதலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் குவளைத் தண்ணீரை எடுத்துத் தெளிப்பார். மூன்றாம் முறை பிடிபட்டபோது முதலாளி கேட்டார்: "ஏம்ப்பா, நீ மீன் தூக்க வந்தியா, மீனத் தாலாட்ட வந்தியா?" அன்றோடு அந்த வேலை போயிற்று. மீனைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதற்கே சம்பளம் தரும் இடம் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, பண்ணைக்கு வந்தார். இவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. வந்தவர் வந்தவர்தான், வேறெங்கும் போகவில்லை.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. இரண்டு வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள், தலைக்கு மேலே குழாய்கள், மூலையில் காற்று மோட்டார். தொட்டிகளில் குளங்களுக்கு விடுவதற்கான மீன்குஞ்சுகள் வளர்ந்தன. தொட்டிக்காரர் என்பதுதான் அவருடைய வேலையின் பெயர். அடிக்கசடை உறிஞ்சி எடுப்பது, வடிகட்டியைக் கழுவுவது, கயிற்றில் கட்டிய வெப்பமானியை ஒவ்வொரு தொட்டியிலும் இறக்கிப் பார்ப்பது. மோட்டார் நின்றால் முதலில் ஓடி வருபவர் அவர். சாப்பாட்டைப் பாதியில் விட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருக்கிறார்.

தொட்டிக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதோ தெரியாது, கையிலேயே ஊறிப்போனது. மீனை ஒரு தண்ணீரிலிருந்து எடுத்து இன்னொரு தண்ணீரில் பொசுக்கென்று போடக் கூடாது. பழைய தண்ணீரோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மீன் முகம் சுளிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தண்ணி பழக்குவது என்று பெயர். புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் அவர் சொல்வார்: "உன்னையே முன்பின் தெரியாத வீட்டுல கொண்டு போய்த் தள்ளினா முழிப்பியா மாட்டியா? உன் தலகாணியையாவது கூடக் குடுக்க வேணாமா?" நல்ல மனசுள்ள சட்டம். அதுதான் அவர் காலை வாரியது.

பண்ணைக்குக் கீழே இருந்த பெரிய ஏரியில் வெள்ளிக்கீற்று என்று ஒரு மீன் இருந்தது. உள்ளங்கை நீளம். உடம்பு முழுக்க வெள்ளி, வயிற்றோரம் ஒரு நீலக் கோடு. பண்ணையில் அதைக் கீற்று என்றே சொல்வார்கள். அது மகா ரோஷக்கார மீன். விரல் பட்டால் செதில் உதிர்ந்துவிடும், செதில் உதிர்ந்தால் பிழைக்காது. அந்த ஏரியை விட்டால் வேறெங்கும் அது கிடையாது. ஏரியிலோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஆராய்ச்சிக்கு வந்த மேடம். சின்ன வயசுப் பெண்தான், தொட்டிக்காரருக்கு மகள் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். தூண்டில் போட வருகிறவர்கள் இரைக்காக வேறு ஊர்த் தண்ணீரிலிருந்து முள்முதுகன் என்ற சின்ன மீனை உயிரோடு கொண்டு வருவார்கள். பொழுது சாய்ந்து கிளம்பும்போது வாளியில் மிஞ்சியதைக் கொல்ல மனம் வராது. போய்ப் பிழைத்துக்கொள் என்று ஏரியிலேயே கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அதுவும் நன்றாகவே பிழைத்துக்கொண்டது. கீற்று கூழாங்கல் இடுக்கில் முட்டையிடும். முள்முதுகன் கூட்டமாக வந்து அதைத் துடைத்துத் தின்றுவிட்டுப் போகும். ஏரியில் கிழட்டுக் கீற்றுகள் இருந்தன, குஞ்சு என்று ஒன்று இல்லை.

முதலில் கீற்றுகளைப் பண்ணைத் தொட்டியில் வைத்துப் பார்த்தார்கள். அவை சுவரில் முட்டி முட்டிச் செத்தன. தொட்டிக்காரர் சுவருக்கு ஈரத்துணி கட்டிப் பார்த்தார், வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசி மீன் மிதந்த அன்று அவர் வடிகட்டி கழுவும் இடத்தில் நின்று அழுதார். பார்த்தவர்கள் கேலி செய்யவில்லை.

பாக்கியிருந்தது ஒரே வழி. முள்முதுகன் எட்டாத வேறொரு ஏரிக்குக் கீற்றுகளைக் கொண்டுபோய்விட வேண்டும். அப்படி ஓர் ஏரியைத் தேடி மேடம் மலை மலையாக ஏறி இறங்கினார். குளிர்ந்த தண்ணீர், கூழாங்கல் தரை, உள்ளே ஒரு மீனும் இல்லை, லாரி தட்டுத்தடுமாறி ஏறும் ஒரு தடம் தவிரத் தூண்டிலோடு போவதற்கு ஒழுங்கான பாதையும் இல்லை. கிடைத்தபோது, அனுமதி வாங்க அலுவலகம் அலுவலகமாக நடையாய் நடந்தார். எல்லாம் கூடி வந்தது கீற்றுகள் முட்டையிடும் பருவத்துக்குச் சற்று முன்னால். அந்தப் பருவம் தவறினால் மறு ஆண்டுக்குப் பிடிப்பதற்கு மீன் இருக்குமா என்று யாரும் சொல்லத் துணியவில்லை.

மீன் பிடிப்பதற்கு முதல் நாள் மேடம் கொட்டகைக்கு வந்து சொன்னார்: "அண்ணே, லாரித் தொட்டியில நம்ம கிணத்துத் தண்ணி மட்டும்தான். மலைமேல போன பிறகு புது ஏரித் தண்ணிய மெதுவாக் கலந்துக்கலாம்."

"சரிங்க மேடம். குளுமை ஏத்தி வெச்சிடறேன்."

எதற்காகக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் என்று அவர் கேட்கவில்லை, மேடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் தண்ணீரோடு புழங்கியவருக்கு இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்று அந்தப் பெண் நினைத்திருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரையில் லாரி நின்றது. படகில் போனவர்கள் வலையோடு மீனை இழுத்து வந்து, தண்ணீரோடு அள்ளி அள்ளித் தொட்டிக்காரரிடம் கொடுத்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் துணிவலையில் வாங்கி, லாரித் தொட்டியின் மேல்வாயில் மெல்ல இறக்கினார். கடைசி வலைக்காக மேடம் மறுபடி படகேறிப் போனார். லாரி ஓட்டுகிறவன் டீ குடிக்கப் போயிருந்தான். தொட்டிக்காரர் மட்டும் மேலே குந்தியிருந்தார்.

அப்போதுதான் சில கீற்றுகள் மேலே வந்து வாயைத் திறந்தன. ஆக்சிஜன் சிலிண்டர் சரியாக இருந்தது, குழாயில் அடைப்பில்லை, குளிர்ச்சியும் சரி. பின்னே என்ன? தண்ணீர் பிடிக்கவில்லை. பிறந்த ஏரியை விட்டு முதன்முதலாக வெளியே வந்திருக்கின்றன, முகமறியாத கிணற்றுத் தண்ணீர், பாவம் என்ன செய்யும்? மேடம் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. ஆனாலும் மேடம் படிப்பில் கெட்டிக்காரி, மீன் வாயைத் திறக்கும்போது பக்கத்தில் இல்லை. அவர் இறங்கினார். கரையோரத்தில் இரண்டு வாளி ஏரித் தண்ணீர் மொண்டார். வாளிக்குள் உற்றுப் பார்த்தார். தெளிவாகத்தான் இருந்தது, புழு பூச்சி இல்லை, தூசி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் ஊற்றினார். கீற்றுகள் கீழே போயின. அவை தானாகவே அடங்கினவா, தண்ணீரால் அடங்கினவா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. அவர் வரைக்கும், தண்ணீர் பழகிவிட்டது.

வழி நெடுக அவர் தொட்டி மேலேயே உட்கார்ந்து வந்தார். ஓட்டுகிறவன் முன்னாலிருந்து கத்தினான்: "பாவண்ணே, மேல எல்லாரும் சௌக்கியமா? யாருக்காவது வாந்தி வந்தா சொல்லு, ஓரம் கட்டறேன்!"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுடா. குலுக்காத."

"உன்னக் குலுக்கினாத்தான் என்ன? மீனுக்கு மட்டும் மெத்தை போடணுமா?"

மலை ஏரி வந்தபோது வெயில் உச்சிக்கு வரவில்லை. மரம் இல்லாத சரிவுகளுக்கு நடுவே கறுத்த, அமைதியான தண்ணீர். காற்றுகூட இல்லை. லாரியைக் கரைக்கு அருகே பின்பக்கமாகக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். மேடம் இறங்கியதும் முதலில் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அத்தனை மீனும் அடியில் அமைதியாக நின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை. மாதக் கணக்கில் சிரிக்காத அந்த முகம் சிரித்தது.

"எப்படிண்ணே இவ்வளவு அமைதியா வந்துச்சுங்க?"

தொட்டிக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. "முதல்ல முரண்டு புடிச்சுதுங்க மேடம். வாயத் தொறந்துச்சுங்க. நான் நம்ம ஏரித் தண்ணி ரெண்டு வாளி கலந்து பழக்கி விட்டேன். அப்புறம் அடங்கிடுச்சுங்க."

மேடத்தின் சிரிப்பு நின்றது. வெள்ளைப் பேசின் ஒன்றை எடுத்துத் தொட்டியில் முக்கி, கொஞ்சம் தண்ணீர் மொண்டு, தரையில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். தொட்டிக்காரரும் குனிந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இரண்டு கரும்புள்ளிகள் சேர்ந்து நகர்வது தெரிந்தது. அவை கண்கள். கண்ணுக்குப் பின்னால் நூலிழை போல, கண்ணாடி போல, உடம்பென்று ஒன்று இருந்தது. அதே பேசினில் இன்னொன்றும் இருந்தது.

"முள்முதுகன் குஞ்சுண்ணே" என்றார் மேடம். "எல்லாப் பருவத்துலயும் குஞ்சு விடும் அது."

தொட்டிக்காரர் பேசினுக்கு இன்னும் நெருக்கமாகக் குனிந்தார். முள்முதுகன் என்றால் முதுகில் முள் விறைத்த மீன், வலையில் வந்தால் விரலைக் குத்தும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அது ஒரு காலத்தில் இப்படி இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. எல்லா மீனையும் குஞ்சிலிருந்து வளர்த்தவர், இந்த ஒரு மீனை மட்டும் பிறக்கும்போதே முள்ளோடு பிறந்ததாக நினைத்துவிட்டார்.

"இத இங்க ஊத்த முடியாது."

"திருப்பிக் கொண்டு போயிடலாமா மேடம்?"

"சிலிண்டர் அவ்வளவு தூரம் வராது. பாதி வழியில எல்லாம் போயிடும்."

மேடம் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் தொட்டிக்காரருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பெண் திட்டவில்லை, அழவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, லாரியை ஏரியிலிருந்து விலக்கி மேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொன்னார். அங்கே சிந்துகிற தண்ணீர் ஏரிப் பக்கம் வழியாது. ஓட்டுகிறவன் சொன்னபடி செய்தான்.

வேலை இப்படித் தொடங்கியது. ஓட்டுகிறவன் ஏரியிலிருந்து டிரம்மில் தண்ணீர் சுமந்து மேட்டைத் தாண்டி வருவான். மூன்று வெள்ளைப் பேசின்களில் அதை ஊற்றுவார்கள். தொட்டிக்காரர் துணிவலையால் ஒரு கீற்றை எடுத்து முதல் பேசினில் அலசுவார், பிறகு இரண்டாவதில். மூன்றாவதில் மேடம் டார்ச்சும் லென்சுமாகக் குனிந்து, தண்ணீரில் கரும்புள்ளி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லை என்றால் மீனை மூடி போட்ட கிண்ணத்துக்கு மாற்றிக் கரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள். ஒவ்வொரு மீனுக்கும் பேசின் தண்ணீரை மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் செதில் உதிரும். நிதானித்தால் சிலிண்டர் தீரும்.

தொட்டிக்காரர் அன்று செய்த வேலையைக் குறை சொல்ல யாராலும் முடியாது. கண்ணாடிப் பாத்திரத்தைக்கூட ஒருவர் அவ்வளவு மெல்லத் தூக்கியிருக்க மாட்டார். முதுகு நோவு அவருக்குத் தெரியவில்லை, பசி தெரியவில்லை. ஏரியில் ஒவ்வொன்றும் வாலை ஒரு வீசு வீசிக் கறுப்புத் தண்ணீரில் மறைந்ததை அவர் நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை.

பாதிக்கு மேல் கரை சேர்ந்திருக்கும். சிலிண்டர் அளவுமானியின் முள் அடியைத் தொட்டது. குழாயில் குமிழி நின்றது. தொட்டியில் மிச்சமிருந்தவை மேலே வந்து வாயைத் திறந்தன. சில பக்கவாட்டில் சாய்ந்தன. உதிர்ந்த செதிலால் தண்ணீர் பால்போல் கலங்கிவிட்டது. அவர் வேகத்தைக் கூட்டினார். ஒன்றை எடுத்து அலசி, மறுபடி அலசி, மூன்றாவது பேசினில் விட்டார். மேடம் பார்த்தார், கைகாட்டினார். சுத்தம். தொட்டிக்காரர் கிண்ணத்தை அருகே கொண்டுவந்தபோது அந்த மீன் செவுளை ஒருமுறை அகலத் திறந்து மூடியது. அதற்குள்ளிருந்து இரண்டு கரும்புள்ளிகள் வெளியே மிதந்து வந்தன.

மூவரும் அதைப் பார்த்தார்கள். அப்படியானால் ஏற்கெனவே விட்டவற்றில்? யாரும் கேட்கவில்லை. கேட்டு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

"போதும்ணே" என்றார் மேடம்.

"இன்னும் இருக்கு மேடம்."

"தெரியும்."

"உயிரோட இருக்கு மேடம். வாயத் தொறக்குது பாருங்க. இன்னும் நாலு தடவ அலசறேன். பத்து தடவ அலசறேன்."

"மூச்சு வாங்கற மீனு செவுளுக்குள்ள என்ன வெச்சிருக்குன்னு இனிமே என்னால உறுதியா சொல்ல முடியாதுண்ணே. வெளிச்சமும் இறங்குது."

"நான் பண்ணின தப்புக்கு அதுங்க ஏன் மேடம் சாகணும்?"

மேடம் டார்ச்சை அணைத்தார். "அந்தப் பக்கம் போய்ச் சேந்ததுங்களும் சாகணுமாண்ணே? சொல்லுங்க. நீங்க விடுங்கன்னு சொன்னா விட்டுடறேன். எனக்கும் மனசு கேக்கல. நீங்களே சொல்லுங்க."

மேடு ஒன்றுதான் நடுவில். அதைத் தாண்டினால் ஓர் ஏரி நிறைய நல்ல தண்ணீர் கிடந்தது. ஒரு வாளி, அவ்வளவுதான். சந்தையில் பலகைமேல் கிடந்த மீனுக்குக்கூடத் தண்ணீர் தெளித்தவர் அவர். பூனைக்கும் புறாவுக்கும் மருந்து போட்ட கை அவருடையது. ஓட்டுகிறவன் வேறு பக்கம் திரும்பி நின்றான். அவர் வெகுநேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லாரியின் பின்பக்கம் போய், அடிவால்வின் கைப்பிடியைப் பிடித்து முழுதும் திருகினார்.

தண்ணீர் காய்ந்த மண்ணில் பாய்ந்து பரவியது. அதோடு கீற்றுகளும் வந்தன. கண்ணுக்குத் தெரியாத மற்றவையும் வந்திருக்கும். மண் தண்ணீரைக் குடித்துவிட்டு மீனை மேலே விட்டது. அவை துள்ளின. வெள்ளி உடம்பில் மண் அப்பியது. மேடம் லாரியின் முன்பக்கம் போய்விட்டார். தொட்டிக்காரர் போகவில்லை. பார்க்காமல் திரும்பிக்கொள்ளத் தனக்கு உரிமை இல்லை என்று அவருக்குத் தோன்றியது. கடைசி மீன் அடங்கும்வரை அங்கேயே நின்றார். அவர் வாயிலிருந்து வழக்கமாக வரும் வார்த்தை அன்று வரவில்லை. பிறகு மண்வெட்டி எடுத்து எல்லாவற்றையும் ஆழமாக மூடினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். வாய்த்துடுக்குக்காரி, அன்று குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், "நீ நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்ச" என்றாள்.

"அதான் பயமா இருக்கு" என்றார் அவர். "கெட்டது செய்யும்போது கை நடுங்கும். இது நடுங்கவே இல்ல."

அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் சாப்பிடவில்லை.

பண்ணையில் விளக்கம் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னார். வேலை போகவில்லை, அதற்கு மேடம் பேசியதுதான் காரணம். ஆனால் மனிதர் மாறிப்போனார். புதிதாக வருபவர்களிடம் தண்ணீர் பழக்குவதைச் சொல்லிக் கொடுக்கும்போது தலையணைக் கதை சொல்வதில்லை. "என்ன தண்ணி, எங்கேருந்து வந்த தண்ணி, உள்ள என்ன இருக்கு, அதைக் கேளு முதல்ல" என்பார். குரலில் ஒரு கடுகடுப்பு வந்துவிட்டது. கீழ் ஏரிக்கரைக்கு ஓய்வுநாளில் போய், மிஞ்சின இரையைக் கவிழ்க்க வரும் தூண்டில்காரர்களோடு சண்டை போடுவார். "உனக்கென்னய்யா, ரொம்ப நல்லவன்னு நெனப்பா?" என்று ஒருநாள் ஒரு பெரிய மனிதரைக் கேட்டுவிட்டார். அந்த மனிதர் வாளியை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

மறு ஆண்டு கீழ் ஏரியில் வலை போட்டார்கள். கீற்று ஒன்றுகூட வரவில்லை. மறுபடியும் போட்டார்கள், வலை நிறைய முள்முதுகன். மலை ஏரிக்கு உடனே போகக் கூடாது, முட்டையிடும் தரையைக் கலைக்கக் கூடாது என்றார் மேடம். அதனால் காத்திருந்தார்கள். உலகத்தில் இனி கீற்று என்று ஒரு மீன் இருக்கிறதா இல்லையா என்பது அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் இருந்தது. கூடவே அந்தச் செவுள்களில் ஏதாவது ஒன்று எதையாவது சுமந்து போயிருந்தால், அதுவும் இருந்தது. தொட்டிக்காரர் இரவில் சரியாகத் தூங்குவதில்லை என்று மனைவி கடையில் சொன்னாள்.

அதற்கும் மறு ஆண்டு மலை ஏரிக்குப் போனார்கள். அதே லாரிக்காரன், மேடம், தொட்டிக்காரர். படகை, வலையை, காலணியை எல்லாம் அவர் வெந்நீரில் கழுவி, நாள் கணக்கில் வெயிலில் காயப் போட்டிருந்தார். லாரிக்காரன் வழியில் வாயைத் திறக்கவே இல்லை. முதல் வலை வெறுமையாக வந்தது. படகை நகர்த்தி, இன்னும் ஆழத்தில் இரண்டாவதைப் போட்டார்கள். அதுவும் வெறுமை என்று நினைத்து அவர் இழுத்துக்கொண்டிருந்தபோது, அடி மூலையில் ஏதோ மின்னியது.

விரல் நீளம்கூட இல்லை. ஒரே ஒரு சின்ன மீன்.

அவர் அதைக் கையால் தொடவில்லை. வலை மூலையைத் தண்ணீரோடு வெள்ளைக் கிண்ணத்தில் இறக்கினார். மீன் உள்ளே சுற்றி வந்தது. முதுகில் சிறு துடுப்பு நிமிர்ந்து நின்றது. அவருக்கு அது முள்ளாகத் தெரிந்தது. நிச்சயமாக முள்தான் என்று தோன்றியது. அவர் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, இங்க பாருங்க."

"நீங்களே சொல்லுங்க மேடம்."

லென்சைக் கண்ணில் வைத்துக்கொண்டு மேடம் நெடுநேரம் குனிந்திருந்தார். படகு மெல்ல ஆடியது.

"நீலக் கோடு இருக்கு" என்றார். பிறகு, "கீத்துண்ணே. நம்ம கீத்துதான்."

"அன்னிக்கு விட்டதுல ஒண்ணா?"

"இல்ல. இவ்வளவு சின்னது எப்படி அதுல இருக்கும்? இது இங்கேயே பொறந்தது."

தொட்டிக்காரர் வலையை மடியில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த லாரிக்காரனும் மூக்கை உறிஞ்சினான். மேடம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை அவரிடம் நீட்டினார். உள்ளே சின்ன மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கியிருந்தது.

"மூச்சு முட்டுதுண்ணே. விட்டுடுங்க."

அவர் கிண்ணத்தை வாங்கினார். ஏரி ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மீன் மறுபடி வாயைத் திறந்தது. அவர் கிண்ணத்தை மேடத்திடமே திருப்பி நீட்டினார்.

"இருக்கட்டும். இன்னொரு தடவ பாத்துடுங்க மேடம்."

மேடம் பார்த்தார். தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் அவர் கிண்ணத்தைச் சாய்த்தார்.